சீரியல் பல்பு போட்ட சாக்ஸ்

கடலில் கணவனைப் பறிகொடுத்தவள் என்று ஒரு அட்டையில் என்னைப் பற்றி அச்சடித்திருந்தார்கள். நான் அதைப் படித்த நேரத்தில் என் கணவர் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, அங்கே இலவசமாகக் கொடுத்த லெமன் டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ராயபுரத்துக்காரி. எங்கள் தெருமுனையில் நின்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தெரியும். என் கணவர் அந்தப் பெட்டிகளை இறக்கி அடுக்கும் ஒரு யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கடலுக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஒருமுறை காசிமேட்டில் நண்பன் ஒருவனுடைய படகில் ஆசைக்கு ஏறி, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வாந்தி எடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடப்பட்ட ஆள் அவர்.

நான் பதினோரு வருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு, கோணல் தையல், பொருந்தாத காலர் என்று குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நாங்கள் இருபது பெண்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். கண் மட்டும் அந்த வேலையிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனாலும் முன்வரிசைக்காரரின் சட்டையில் தையல் சரியாக இருக்கிறதா என்றுதான் அது முதலில் பார்க்கும்.

சாக்ஸ் பின்ன ஆரம்பித்தது என் மகளின் புதுநன்மைக்கு. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளில் பெண்பிள்ளைகள் வெள்ளை கவுன், வெள்ளைக் கையுறை, வெள்ளை சாக்ஸ் போட வேண்டும். கடையில் வாங்கிய சாக்ஸின் ரப்பர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்திகைக்குப் போய்விட்டு வந்தவளின் கணுக்காலைச் சுற்றி சிவப்பாகத் தடித்திருந்தது. நானே பின்னுகிறேன் என்று போனை எடுத்தேன். வீடியோவில் பேசிய வெள்ளைக்காரப் பெண்ணின் மொழி எனக்குப் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் கையை மட்டும் பார்த்தேன்.

"இன்னாமே இது, காப்பி வடிகட்டவா?" என்று கேட்டார் கணவர், முதலில் பின்னியதைப் பார்த்து. நாலாவது தடவை சாக்ஸ் மாதிரி வந்தது. என் மகள் சொறியாமல் பீடம் வரை நடந்து போனாள்.

பின்னியவர்களுக்குத்தான் தெரியும், சாக்ஸ் லேசான வேலை கிடையாது. இரண்டு முனையும் கூரான ஐந்து ஊசிகள். நான்கு ஊசிகளில் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, பிரித்து ஏற்றி, ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். கால் பகுதி நேராக இறங்கும். குதிகாலில்தான் சோதனை. பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, ஓரத்திலிருந்து புதுக் கண்ணி எடுத்து, பாதத்தின் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு கண்ணி நழுவினாலும் போட்டுக்கொண்டு நடப்பவருக்குக் கல் குத்துவது மாதிரி குத்தும். அதை முடித்துப் பெருமூச்சு விட்டால், இதே மாதிரி இன்னொன்று பின்ன வேண்டும் என்று ஞாபகம் வரும்.

இரண்டு வருஷத்தில் எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. அப்போதுதான் மகளோடு படிக்கும் பெண்ணின் அம்மா ஒருத்தி மூலமாக அந்த மேடம் வந்தாள். மேடம் என்கிறேனே தவிர, முப்பது வயது இருக்கும். நகரத்தின் தெற்குப் பக்கத்தில், கைவேலை செய்யும் பெண்களின் பொருட்களைக் கண்காட்சியில் வைக்கும் ஒரு அமைப்பை நடத்துகிறாள். சாக்ஸைக் கையில் எடுத்ததுமே அவள் கண் விரிந்தது. அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன், மறைக்கவில்லை.

"அக்கா, கண்காட்சிக்குன்னு ஸ்பெஷலா ஒரு ஜோடி பண்ணித் தாங்க. உங்க இஷ்டத்துக்கு டிசைன் போடுங்க" என்றாள்.

என் இஷ்டத்துக்கு. பதினோரு வருஷம் யாரோ போட்ட டிசைனில் குறை கண்டுபிடித்த என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேர் வரும்போது அதன் மேலிருந்து கீழ்வரை சீரியல் பல்பு தொங்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா. தேர் ஆட ஆட, அவையும் ஆடும். கருநீலத்தில் சாக்ஸ் பின்னி, அதன்மேல் அந்தப் பல்புகளைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சரிவாக இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாரிமுனைப் பக்கம் சந்து சந்தாகத் திரிந்து நூல் வாங்கினேன்.

ஆறு வாரம் ஆனது. எங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் லாரிப் புகை நூலில் படியும். மூடி வைத்தால் கை வியர்த்து ஊசி வழுக்கும். நூலை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, அது வழியாக இழுத்துப் பின்னினேன். ஒவ்வொரு நிறம் மாறும்போதும் பழைய நூல் உள்பக்கம் தொங்கும். இறுக்கி இழுத்தால் சாக்ஸ் சுருங்கும், தளர விட்டால் கால் விரல் மாட்டும். இரண்டாவது சாக்ஸ் முதலாவதைவிட அரை விரல் குட்டையாக வந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். கணுக்கால் வரை பிரித்து மறுபடி பின்னினேன்.

முடிந்ததும் மேடம் போட்டோ எடுக்க வந்தாள். நான் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, ஹாலில் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தேன். அவள் ஹாலை ஒரு சுற்று பார்த்தாள். டிவி, ஃபிரிட்ஜ், மகளின் பரிசுக் கோப்பைகள்.

"இங்க லைட் சரியில்லக்கா. கடல் பக்கம் போலாமா?"

மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் உடைந்த படகின் பக்கத்தில் நிறுத்தினாள். புடவை பளபளக்கிறது என்று பழைய காட்டன் புடவைக்கு மாற்றச் சொல்லியிருந்தாள், அதையும் செய்தேன். "பூ வேணாம்க்கா, இயற்கையா இருக்கட்டும்." எடுத்தேன். "செயின் வெயில்ல மின்னுது, கொஞ்சம் உள்ள போட்டுக்கோங்க." தாலிச் செயினை ரவிக்கைக்குள் போட்டேன். "சிரிக்காதீங்க. கடலைப் பாருங்க." பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு காரணம் சொன்னாள், ஒவ்வொன்றையும் நான் நம்பினேன். இன்று நினைத்தால் அவள்மேல் வரும் கோபத்தில் பாதி என்மேலும் வருகிறது. ஒரு தையல் கோணினால் கண்டுபிடிக்கிற எனக்கு, ஒருத்தி என்னைத் துண்டு துண்டாக வேறொருத்தியாக மாற்றுவது தெரியவில்லை.

திரும்பி வரும்போது, "உங்க வாழ்க்கையில பட்ட கஷ்டம் ஏதாவது சொல்லுங்கக்கா" என்றாள். வேலை போனதைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. "வேற? இந்த ஏரியால கடலுக்குப் போய்த் திரும்பாதவங்க குடும்பம் யாராவது?"

எங்கள் கீழ்வீட்டில் இருப்பவளைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். காசிமேட்டில் விடியலில் மீன் எடுத்து, கல்மண்டபம் பக்கம் உட்கார்ந்து விற்பாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போன அவள் கணவர் திரும்பவில்லை. அவள் எத்தனை நாள் கரையில் போய் நின்றாள், எப்படி முதல் நாள் கூடையைத் தூக்கினாள் என்றெல்லாம் சொன்னேன். மேடம் போனில் குறித்துக்கொண்டாள். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தால் நமக்கு வாய் நிற்பதில்லையே.

கண்காட்சி அன்று கீழ்வீட்டுக்காரியும் கிளம்பினாள். "உன் சாக்ஸ கண்ணாடிப் பொட்டில வெச்சிகிறாங்களாமே, நானும் வந்து பாக்கறேன்க்கா" என்று சரக்கைச் சீக்கிரம் தள்ளிவிட்டு, குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கணவர் இஸ்திரி போட்ட சட்டை. மூன்று பேரும் பஸ் மாறிப் போனோம்.

பெரிய ஹால், நல்ல ஏசி. என் சாக்ஸை இரண்டு கண்ணாடிக் கால்களில் மாட்டி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தேன். புள்ளிகள் நான் நினைத்த மாதிரியே இறங்கின. பிறகுதான் பக்கத்திலிருந்த என் படத்தையும், அதன் கீழிருந்த அட்டையையும் பார்த்தேன்.

கீழ்வீட்டுக்காரிக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாக்கா எழுதிக்கீது? சத்தமா படியேன், கேப்போம்" என்றாள் ஆசையாக.

முதல் வரியைப் படித்துவிட்டேன். வாய் அதற்குள் ஓடிவிட்டது. கடலில் கணவனைப் பறிகொடுத்த வடசென்னை மீனவப் பெண். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை, அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல நாட்கள் கரையில் காத்திருந்தவர். கூடையைத் தலையில் சுமந்தவர். மீன் வலையின் கண்ணிகளை நினைத்து இந்தக் காலுறையைப் பின்னினார். இதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு கண்ணீர்த்துளி.

என் சீரியல் பல்பு! திருவிழாவில் குழந்தைகள் கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடும் என் பல்பு!

கணவர் டீ கப்பை மேஜையில் வைத்தார். "இன்னாமே, நான் எப்போ செத்தேன்?"

நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். படத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஜோடியைத் தனக்கென்று சொல்லி வைத்துவிட்டாராம். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர். "எவ்வளவு தைரியம்மா உனக்கு" என்றார்.

"அம்மா, எங்க வூட்டுக்காரரு இதோ கீறாரு" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் வைத்தார். அந்த அம்மாள் என் தோளிலிருந்து கையை எடுத்தார். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பார்த்து ஒரு முகம் அப்படி வாடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடிக் காலில் இருந்த சாக்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ இந்த சாக்ஸை நீதான் பின்னினியா, இல்ல அதுவும்…?"

இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த கோபங்களையெல்லாம் சேர்த்தாலும் அந்த நிமிஷத்தில் வந்ததற்கு ஈடாகாது. பொய் சொன்னவள் ஒருத்தி. சந்தேகம் என் கைமேல். கண்ணாடிக் காலிலிருந்து ஒரு சாக்ஸைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வர உருவி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். நிறம் மாறிய இடங்களில் நூல்கள் எப்படி ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு ஓடுகின்றன, குதிகாலில் எங்கே கண்ணி எடுத்தேன், எங்கே குறைத்தேன் என்று விரலை வைத்துக் காட்டினேன். "மெஷின் இப்படிப் போடாதும்மா. இது கை." அவர் தலையாட்டினார். ஆனால் தள்ளித் தள்ளிப் போய், கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அதற்குள் மேடம் ஓடி வந்தாள். "அக்கா, ப்ளீஸ், மெதுவா. கெஸ்ட்ஸ் இருக்காங்க."

"எம் புருசன எதுக்கு சாவடிச்ச?"

"அது உங்களைப் பத்தி மட்டும் இல்லக்கா. அந்தக் கடற்கரையோட வலியை உங்க முகம் மூலமா சொல்றோம். கதை இல்லாம வெறும் சாக்ஸை யார் வாங்குவாங்கக்கா? அதுவும் இந்த சென்னை வெயில்ல?"

வெறும் சாக்ஸ். ஆறு வாரம்.

நான் வாயைத் திறக்குமுன் கீழ்வீட்டுக்காரி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எம்மா, அந்த அட்டைல கீறது நானு. எம் புருசன் போயி ஏழு வருசம் ஆவுது. ஒரு நாளு கூட அத சொல்லி நான் ஒரு சங்கரா மீனு வித்தது இல்ல. மீனு நல்லா கீதா, வாங்கிக்கினு போவாங்க. கெட்டுப்போயி கீதா, மூஞ்சில எறிஞ்சிட்டுப் போவாங்க. அதான் யாவாரம். எம் புருசன் சாவு உனுக்கு யாவாரமா?"

மேடத்தின் முகம் வெளுத்தது. "சாரி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் இன்னொரு சாக்ஸையும் கழற்றிப் பையில் போட்டேன். கணவர் அட்டையை ஸ்டாண்டிலிருந்து உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மேடத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கணவரும் சேர்ந்துகொண்டார். கீழ்வீட்டுக்காரி மட்டும் சேரவில்லை.

"யக்கா" என்றாள். "நான் கரைல போயி நின்னது அந்த மேடத்துக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சொன்னேன், நான்தான் சொன்னேன் என்று. மேடம் கேட்டாள், சொல்லிவிட்டேன் என்றேன்.

"என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா உனுக்கு?" என்று கேட்டாள். பஸ் வந்தது. அவள் முன்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மீன் வாங்கக் கணவரைத்தான் அனுப்பினேன். அவருக்கு நல்ல மீனாகவே எடுத்துப் போட்டுக் கொடுப்பாள். "ண்ணா, இது உனுக்கும் பாப்பாவுக்கும். அதுக்கு இல்ல" என்பாளாம். அவர் வந்து அதை அப்படியே என்னிடம் ஒப்பித்துவிட்டு, எனக்கும் ஒரு துண்டு வைப்பார்.

இதற்கிடையில் என் படமும் அந்தக் கதையும் அவர்களுடைய இணையப் பக்கத்திலும் இருப்பதை மகள் கண்டுபிடித்தாள். எடுக்கச் சொல்லி நான் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு கணவர் யார்டு இடைவேளையில் தினமும் ஒரு தடவை கூப்பிட ஆரம்பித்தார். "மேடம், வணக்கம். நான் கடல்ல செத்துப்போன புருசன் பேசறேன்" என்பார். எட்டு நாள் கழித்துப் படத்தை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மன்னிப்பு என்று ஒரு வரி வரவில்லை. அந்த இடத்தில் இப்போது வேறொரு பெண்ணின் படமும், வேறொரு சாவும் இருக்கின்றன. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு அதைப் படித்துக் காட்டினார்களா என்றுதான் தோன்றுகிறது. கோபம் பற்றிக்கொண்டு வருகிறது.

நான்காவது வாரம் நானே கல்மண்டபத்துக்குப் போனேன். வெயில் ஏறிக் கூட்டம் குறைந்திருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவள் நெத்திலிமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் அவரு செத்தத்தான் சொல்றீங்க" என்றாள் கடைசியில். "எங்கூட ஒம்பது வருசம் இருந்தாரேக்கா. அத ஒருத்தரும் கேக்கல."

"இப்போ கேக்கறேன், சொல்லு."

முதலில் முறைத்தாள். பிறகு சொன்னாள். அவர் சீட்டாட்டத்தில் எப்போதும் ஏமாற்றுவாராம், மாட்டிக்கொண்டால் பாட்டுப் பாடிச் சமாளிப்பாராம். மீன்காரர் வீட்டில் பிறந்தும் அவருக்கு மீன் முள் எடுக்கத் தெரியாது, இவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இவளுக்குப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மாதம் தினமும் பால்கோவா வாங்கி வந்தாராம். இவளுக்குப் பால்கோவா பிடிக்காது, சொல்லவும் இல்லை. சொல்லும்போதே சிரித்துவிட்டாள். நடுவில் ஒருவர் வந்து நெத்திலி கேட்டார். எடை போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன், எழுதலாமா என்று இந்த முறை கேட்டேன்.

"எழுது. ஆனா பேரு போடாத, என் பேரும் வேணாம், அவரு பேரும் வேணாம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பால்கோவாவ கண்டிப்பா எழுது" என்றாள்.